மகரக்கட்டுக்குப் பிறகு

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு செம்பரம்பாக்கத்து ஈவிபி பிலிம் சிட்டி பழகிய அடையாளம். முன்பு பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த இடம். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் நிலத்தின் விலை ஏற ஏற, படப்பிடிப்புத் தளங்கள் மேற்கே நகர்ந்தன. பிக்பாஸ் தமிழ் நிகழ்ச்சிக்கான வீடு அமைக்கப்பட்டது இங்கேதான். 2020 அக்டோபரில் அதன் நான்காவது பருவம் தொடங்கியபோது உள்ளே நுழைந்தவர்களில் ஒருவர் ஆஜித். எட்டு ஆண்டுகளுக்கு முன், 2012-ல், விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் மூன்றாவது பருவத்தில் முதலிடம் பெற்றுத் தமிழ்நாட்டுக் குடும்பங்களையெல்லாம் தொலைக்காட்சி முன் உட்காரவைத்த பள்ளிச் சிறுவன் அவர். அன்று அவருக்குக் கிடைத்த பரிசு, 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு. 2021 ஜனவரித் தொடக்கத்தில் அவர் பிக்பாஸ் வீட்டை விட்டு வெளியேறினார்.

சிறுவனாக வென்ற மேடையில் அவரிடம் கேட்கப்பட்டது பாட்டு. இளைஞனாக நுழைந்த வீட்டில் கேட்கப்பட்டது குணம், கோபம், நட்பு, சண்டை. இது ஆஜித் என்ற தனிமனிதரின் கதை அல்ல. பதின்ம வயதில் பாட்டால் புகழ்பெறும் ஒருவரைத் தமிழ்ச் சமூகம் அடுத்து என்ன செய்கிறது என்ற கேள்வி, நூறாண்டுக்கும் மேலாக நம்மிடம் இருக்கிறது. பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை, குரலும் உடலும் மாறிக்கொண்டிருக்கும் அந்த ஆறேழு ஆண்டுகளில், அந்தப் பிள்ளையை யார் கைவிடாமல் வைத்துக்கொள்கிறார்கள்? இளம் பாடகர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்க்கும்போது, திறமையைவிட இந்தக் கேள்விக்கான விடையே அவர்களின் பிற்காலத்தைத் தீர்மானித்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து தொடங்குவோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் சிறுவர்களாக வளர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் முழுக்க முழுக்கச் சிறுவர்களின் குரலை நம்பி நடந்தவை. ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஹார்மோனியத்தின் கட்டையை வைத்துச் சுருதியைச் சொல்வது நம் வழக்கம். வளர்ந்த ஆண் கச்சேரிப் பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். பெண்கள் ஐந்து, ஐந்தரை. சிறுவர்களின் குரலும் அந்த ஐந்து கட்டைக்கு எளிதாக ஏறும், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அவர்களே போட்டார்கள். செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா பிள்ளைப் பருவத்திலேயே மேடை ஏறியவர். உச்சத்தில் நின்று பாடும் அவருடைய குரல் இளைஞனான பின்பும் இறங்கவில்லை. 1933-ல், 27 வயதில், அவர் மறைந்தபோது, உச்சஸ்தாயியில் பாடும் இளைஞன்தான் கதாநாயகன் என்ற இலக்கணம் தமிழ் மேடையில் நிலைத்துவிட்டிருந்தது.

கிட்டப்பாவுக்கு வாய்த்தது எல்லாருக்கும் வாய்க்காது. பருவம் வந்ததும் பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பேச்சுக்குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. சில மாதங்களுக்குக் குரல் எந்தப் பக்கம் போகும் என்று அவர்களுக்கே தெரியாது. நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்றார்கள். பெண்களுக்கும் குரல் சற்று மாறும், ஆனால் இந்த அளவுக்கு உடையாது. கம்பெனியின் நட்சத்திரமாக இருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால் அவனுடைய வேடம் அடுத்தவனுக்குப் போய்விடும். பி.யு. சின்னப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார். அங்கே முறையாகச் சங்கீதம் கற்றார், சிலம்பமும் தேகப்பயிற்சியும் பழகினார். பிறகு வந்ததுதான் 1940-ன் உத்தமபுத்திரன், 1942-ன் கண்ணகி, 1944-ன் ஜகதலப்பிரதாபன். பாடவும் சண்டையிடவும் தெரிந்த அந்த நாயகன், குரல் இல்லாமல் இருந்த ஆண்டுகளில் உருவானவர். சொந்த ஊரும் குருவும் இல்லாத பையன்கள் எத்தனை பேர் அதே இடைவெளியில் காணாமல் போயிருப்பார்கள்?

பாய்ஸ் கம்பெனிகளைப் புகழ்வது என் நோக்கமல்ல. பிள்ளைகள் வீட்டை விட்டு ஊர் ஊராக அலைந்தார்கள், அடி வாங்கினார்கள், படிப்பை இழந்தார்கள். தி.க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தவர்களுக்கு அந்த உலகின் கண்டிப்பும் பாசமும் ஒருசேரத் தெரியும். ஆனாலும் அங்கே ஒன்று இருந்தது. குரல் போனவனுக்கும் கம்பெனிக்குள் வேலை உண்டு. பாட முடியாதவன் வில்லனாகலாம், நகைச்சுவை வேடம் கட்டலாம், ஹார்மோனியம் வாசிக்கலாம், சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாராகலாம். சண்முகமும் அவருடைய சகோதரர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1925-ல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கி, பதின்ம வயதைக் கடப்பதற்குள்ளேயே சொந்தக் கம்பெனியின் முதுகெலும்பாகிவிட்டார்கள்.

இந்த மரபிலிருந்து திரைக்கு வந்தவர்களில், இன்று நாம் பதின்ம வயது நட்சத்திரப் பாடகர் என்று சொல்வதற்கு மிக நெருக்கமானவர் டி.ஆர். மகாலிங்கம். அவருடைய வாழ்க்கையை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சோழவந்தானை ஒட்டிய தென்கரையில் 1924-ல் பிறந்தார். சிறுவயதிலேயே நாடக மேடை. அங்கே அவர் பாடியதைக் கேட்டுத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஏ.வி. மெய்யப்பன். கிராமபோன் இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கியவர் மெய்யப்பன். எந்தக் குரலை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அறிந்த காது அவருடையது. 1938-ல் வந்த நந்தகுமாரில் மகாலிங்கம் கிருஷ்ணனாக நடித்துப் பாடினார். அடுத்த ஆண்டு பிரகலாதா படத்தில் பிரகலாதன். பதினான்கு, பதினைந்து வயது. தெய்வக் குழந்தைகளின் வேடம் அந்த வயதுக்கும் குரலுக்கும் இயல்பாகப் பொருந்தியது.

நந்தகுமாரில் இன்னொன்றும் நடந்தது. அந்தப் படத்தில் ஒரு பெண் பாத்திரத்தின் பாட்டை நடிகை பாடவில்லை, லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழ் சினிமாவில் பின்னணிக் குரலின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு பையன் தன் சொந்தக் குரலால் நட்சத்திரமான அதே படத்தில், முகம் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதும் நிரூபணமாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் மகாலிங்கத்தைப் போன்றவர்களின் தேவையைக் குறைத்துவிட்டது இந்த உத்தியே.

1945-ல் ஸ்ரீவள்ளி. மகாலிங்கத்துக்கு 20 வயது, வேலன் வேடம். கிட்டப்பா மேடையில் புகழ்பெறச் செய்த சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டை இவர் திரையில் பாடினார். ரசிகர்கள் கிட்டப்பாவே திரும்பி வந்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். மகரக்கட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாடல்களோ மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைக் கொண்டு மீண்டும் பாடவைத்துப் படத்தில் சேர்த்தார். ஆக, மகாலிங்கத்தின் அருகிலேயே இரண்டாவது முறையாக ஒரு முகத்திலிருந்து குரல் பிரிக்கப்பட்டது. அவரிடமிருந்து பிரிக்க வேண்டிய தேவை அப்போது யாருக்கும் இல்லை.

1947-ல் நாம் இருவர், 1948-ல் ஞானசௌந்தரி, வேதாள உலகம். கையில் பணம் புரண்டது. தன் மகன் சுகுமாரின் பெயரில் படக் கம்பெனி தொடங்கினார். மச்சரேகை, மோகனசுந்தரம், சின்னதுரை, விளையாட்டு பொம்மை என்று சொந்தப் படங்கள் வந்தன. இதே ஆண்டுகளில்தான் தமிழ் சினிமாவின் தரையே நகர்ந்தது. 1952-ல் பராசக்தி வந்தபிறகு நாயகனின் பலம் வசனத்துக்கு மாறியது. பின்னணிப் பாடகர்கள் நிலைபெற்றார்கள். மைக்கின் முன்னால் மெல்லப் பாடும் ஏ.எம். ராஜாவின் குரல் காதலர்களின் குரலாயிற்று, டி.எம். சௌந்தரராஜனின் கம்பீரம் நாயகர்களுக்குப் பொருந்தியது. கொட்டகையின் கடைசி வரிசைக்காக ஐந்து கட்டையில் ஏற வேண்டிய அவசியத்தை ஒலிவாங்கி ஒழித்துவிட்டது. மகாலிங்கத்தின் தொண்டை கடைசிவரை உடையவில்லை. உடைந்தது கேட்பவர்களின் ரசனை. சொந்தப் படங்கள் நட்டத்தில் விழ, கடன் ஏறியது, வாய்ப்புகள் நின்றன. முப்பது வயதில் அவர் பழைய ஆள் ஆகிவிட்டார்.

அவரைத் திரும்ப அழைத்துவந்தவர் கண்ணதாசன். கவிஞர் தானே தயாரித்த மாலையிட்ட மங்கை 1958-ல் வெளியானபோது, நாயகன் மகாலிங்கம், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. கண்ணதாசன் செய்ததைப் பழைய நட்சத்திரத்துக்குக் காட்டிய இரக்கமாக நான் பார்க்கவில்லை. இந்தக் குரலுக்கு எப்படிப்பட்ட சொல்லும் மெட்டும் கொடுத்தால் 1958-ன் காதுக்கும் இனிக்கும் என்று கணக்குப் போட்டு எழுதினார். அந்தப் படத்தின் பாடல்கள் இன்றும் மெல்லிசைக் கச்சேரிகளில் கேட்கப்படுவதற்குக் காரணம் இதுதான். அதன்பின் மகாலிங்கத்துக்குப் பல படங்கள் வந்தன. 1965-ல் திருவிளையாடலில் பாணபத்திரர் வேடம். பெரும் வித்துவானோடு போட்டியிட நேர்ந்த எளிய பாடகன், தன் குரலை நம்பாமல் இறைவனிடம் போய் நிற்கிறான். நாற்பத்தொரு வயதில், இளமையின் பளபளப்பு போன முகத்தோடு, மகாலிங்கம் அந்தத் தயக்கத்தை உண்மையாக்கினார். அவருடைய நடிப்பு வாழ்வின் உச்சம் எதுவென்று கேட்டால், ஸ்ரீவள்ளியைவிட நான் இதைத்தான் சொல்வேன். 1978 ஏப்ரலில் தன் 53-ம் வயதில் அவர் மறைந்தார்.

மேற்கே இதே சிக்கல் எவ்வளவு கொடூரமாக முடிந்திருக்கிறது என்பதற்கு ஃப்ராங்கி லைமன் ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிச் சிறுவன். 1956-ல், பதின்மூன்று வயதில், தன் குழுவோடு பாடிய ஒரே இசைத்தட்டால் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் புகழ்பெற்றான். அவனைக் குழுவிலிருந்து பிரித்துத் தனிப்பாடகனாக்கினார்கள். குரல் உடைந்தது, இசைத்தட்டுகள் விற்கவில்லை, போதை பிடித்துக்கொண்டது. 1968-ல், 25 வயதில், ஹெராயின் அவனைக் கொன்றது. அவனுக்கு ஒரு புதுக்கோட்டை இல்லை, ஒரு கண்ணதாசனும் இல்லை.

இனி நம் காலம். 2006-க்குப் பின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் நம் பிள்ளைகளின் பாய்ஸ் கம்பெனிகளாகிவிட்டன. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் பாட்டு வகுப்புகள் பெருகியதற்கு இந்த நிகழ்ச்சிகள் முக்கியமான காரணம். தொழிற்பேட்டையிலும் டாங்க் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் பெற்றோர், மாலை வேளைகளில் பிள்ளையைக் கீபோர்டு வகுப்புக்கும் கர்நாடக சங்கீத வகுப்புக்கும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்த நிகழ்ச்சிகள் செய்த நன்மையை மறுக்க முடியாது. பரம்பரையாகச் சங்கீதம் இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். அனந்த் வைத்தியநாதன் போன்ற குரல் பயிற்சியாளர் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்த இடத்தில் தொண்டையை இறுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை நாடே பார்த்தது. முன்பு குருகுலத்தில் மட்டும் கிடைத்த அறிவு அது.

குறை எங்கே என்றால், இறுதிச்சுற்றோடு அந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது. பயிற்சி, வாத்தியக் குழு, ஒப்பனை, பாட்டுத் தேர்வு எல்லாம் நிகழ்ச்சியின் சொத்து. மறுநாள் முதல் பையனிடம் மிஞ்சுவது பெயருக்கு முன்னால் ஒரு ஒட்டு: ‘சூப்பர் சிங்கர் புகழ்’. ஆடி மாதம் திருவேற்காடு, மாங்காடு சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில் விழாக்களில் மெல்லிசைக் குழுக்களின் பேனர்களைப் பாருங்கள். அந்த ஒட்டோடுதான் பெயர்கள் இருக்கும். இந்த மேடைகள் பலருக்குச் சோறு போடுகின்றன, அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த மேடையில் கேட்கப்படுவது பெரும்பாலும் மற்றவர்கள் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகள். பையனுக்கென்று ஒரு பாட்டு இல்லை. மகாலிங்கத்துக்கு ஸ்ரீவள்ளி இருந்தது, மாலையிட்ட மங்கை இருந்தது. போட்டியில் வென்ற பிள்ளைக்கு இருப்பது பிறர் பாட்டை நன்றாகப் பாடிய நினைவு மட்டும்.

இதைத் தாண்டியவர்களும் உண்டு. 2012 போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற அமெரிக்கத் தமிழ்ச் சிறுமி பிரகதி குருபிரசாத் மறு ஆண்டே வெளியான பாலாவின் பரதேசியில் பின்னணி பாடினார். சிவாங்கி கிருஷ்ணகுமார் சிறுமியாக 2009-ல் பசங்க படத்தில் பாடியவர். 2019-ல் சூப்பர் சிங்கரில் போட்டியிட்டார், அதன்பின் குக் வித் கோமாளியின் வழியாக வீடுதோறும் பிரியமானார், 2022-ல் டான் படத்தில் நடித்தார். பாடகர்களான கிருஷ்ணகுமார், பின்னி தம்பதியின் மகள் அவர். சாய் அபயங்கரின் கதை இன்னும் தெளிவானது. அவருடைய தாய் ஹரிணி 1995-ல் இந்திரா படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாடி அறிமுகமானபோது வயது பதினாறு. தந்தை திப்பு. சாய் 2024 தொடக்கத்தில், பத்தொன்பது வயதில், தானே இசையமைத்துப் பாடி வெளியிட்ட தனிப்பாடல் கல்லூரிகளையெல்லாம் ஆட்டியது. அடுத்த ஆண்டே முழுநீளத் திரைப்படங்களுக்கு இசையமைப்பாளர் ஆனார். அவர் பாடியது அவருடைய சொந்த மெட்டு. ஒலிப்பதிவுக் கூடம் என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று தெரிந்த வீடு. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமைக்கு வீடே கம்பெனியாக இருந்தது என்கிறேன். அம்பத்தூரில் லேத் ஓட்டுபவரின் மகளுக்கு அந்தக் கம்பெனியை யார் தருவது?

இடைப்பட்ட வயதில் ஒரு நிறுவனம் பிள்ளையைத் தாங்கிப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி, ஆஜித் நுழைந்த அந்த பிக்பாஸ் மேடையிலேயே தொகுப்பாளராக நின்றார். கமல்ஹாசன் 1960-ல் ஏவி.எம்.மின் களத்தூர் கண்ணம்மாவில் குழந்தை நட்சத்திரம். குழந்தையும் இல்லை, இளைஞனும் இல்லை என்ற ஆண்டுகளில் சினிமா அவரைக் கைவிட்டது. அப்போது அவரைச் சேர்த்துக்கொண்டது சண்முகம் சகோதரர்களின் டி.கே.எஸ். நாடக சபை. தி.க. சண்முகத்திடம் மேடையைக் கற்றார். பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர். அவர் நாயகனாக வந்தபோது கையில் இருந்தவை அந்த ஆண்டுகளில் சேர்த்த தொழில்கள். பாய்ஸ் கம்பெனி மரபின் கடைசி மூச்சு காத்த பிள்ளை அவர் என்று சொல்லலாம்.

கம்பெனிகள் திரும்ப வரப்போவதில்லை. அந்த இடத்தைச் சட்டம் ஓரளவாவது நிரப்ப வேண்டும். ஹாலிவுட்டில் ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரத்தின் வருமானத்தைப் பெற்றோரே செலவழித்துவிட்ட வழக்குக்குப் பின், 1939-ல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று அங்கே பதினெட்டு வயதுக்குட்பட்ட கலைஞரின் வருமானத்தில் 15 சதவீதம் அவர் பெயரில் ஒதுக்கப்பட்டாக வேண்டும். இந்தியாவில் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது, 2017-ல் விதிகள் வந்தன. குழந்தைக் கலைஞர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் படப்பிடிப்பில் இருக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் நாட்டுடைமை வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். நல்ல விதிகள். ஆனால் இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் பதினான்கு வயது நிரம்பாதவர். பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர் வளரிளம் பருவத்தினர், அவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. குரல் உடையும் வயதில், புகழ் கூடவோ குறையவோ போகும் வயதில், சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பொழுதுபோக்குத் துறைக்கு வழிகாட்டு நெறிகள் வகுத்திருக்கிறது. அவை வழிகாட்டுகின்றன, கட்டாயப்படுத்துவது சட்டம் மட்டுமே. அதே வேளையில் பதினெட்டு நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர். அவருக்காகக் கையெழுத்துப் போடுவது பெற்றோர். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடகர்களுக்கும் உரிமைத்தொகை பெறும் வழியைத் திறந்திருக்கிறது. போட்டிக்கான படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோரில் எத்தனை பேருக்கு அதை யாராவது விளக்கியிருப்பார்கள்?

பதினான்கு என்ற அந்த வயதுக் கோட்டை, கலைத்துறையைப் பொறுத்தவரை, பதினெட்டுக்கு உயர்த்த வேண்டும். வேலை நேரமும் 20 சதவீத வைப்புத்தொகையும் வளரிளம் கலைஞர்களுக்கும் கட்டாயமாக வேண்டும். சட்டம் வரும்வரை தொலைக்காட்சிகள் காத்திருக்கத் தேவையில்லை. வென்ற பிள்ளைக்கு ஒரு வீட்டையோ காரையோ தருவதோடு, அடுத்த மூன்றாண்டுக்கு ஒரு குரல் ஆசிரியரையும், அந்தப் பிள்ளைக்கென்றே எழுதி மெட்டமைத்த சில பாட்டுகளையும் பரிசில் சேர்ப்பதற்கு அவர்களால் முடியும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பையனுக்குக் குரல் உடையத் தொடங்கினால் அவனைப் பழைய சுருதியில் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்த ஆண்டுகளில் அவன் ஒரு வாத்தியத்தையோ இசையமைப்பையோ கற்றுக்கொள்ளட்டும்.